ஆறாவது கற்பனைக்கு இரண்டு பதில்

"ஆறாம் கற்பனை என்ன?" என்று கேட்டார் உபதேசியார்.

"கொலை செய்யாதிருப்பாயாக" என்றான் நான் கட்டிக்கொள்ளப் போகிறவன். தயங்கவே இல்லை. முதல் பெஞ்சுக்காரன் மாதிரி முதுகை நிமிர்த்திக்கொண்டு சொன்னான்.

உபதேசியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். என் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கல்யாணத்துக்கு மந்திரம் சொல்ல வந்த எடத்துல, தம்பி, மத்த எதை விட்டாலும் ஆறாவத விடலாமா? கொலை அஞ்சாவது. ஆறாவது மோகபாவம். புருசனாகப் போறவரு மொதல்ல தெரிஞ்சிருக்க வேண்டியதே அதுதானவே!"

கற்பனை என்றால் எங்கள் கடற்கரையில் கட்டளை. சாமி கொடுத்த பத்துக் கட்டளைகளுக்குப் பத்துக் கற்பனை என்று பெயர். மந்திரம் என்றாலும் மாயமந்திரம் இல்லை. ஜெபங்கள், கற்பனைகள், ஞானோபதேசக் கேள்வி-பதில்கள் எல்லாவற்றையும் சேர்த்து மந்திரம் என்போம். தூத்துக்குடிக்குத் தெற்கே எங்கள் ஊரில் கல்யாணத்துக்கு மண்டபம் பார்ப்பதற்கு முன்னால் மந்திரம் சொல்ல வேண்டும். பெண்ணும் மாப்பிள்ளையும் சாமியார் பங்களாவில் போய் உட்கார்ந்து, உபதேசியார் கேட்கக் கேட்க ஒப்பிக்க வேண்டும். கோவிலில் சாமியாருக்கு அடுத்தபடி மந்திரம் சொல்லிக்கொடுக்கிறவர் அவர்தான். அவர் தலையாட்டினால்தான் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகளுக்கும் இன்னார் மகனுக்கும் கல்யாணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள் என்று மூன்று ஞாயிறு அடுத்தடுத்து ஊரையே கேட்பதற்குப் பெயர் ஓலை. இப்போது வாசிப்பது கம்ப்யூட்டரில் அடித்த தாள்தான் என்றாலும் ஓலை ஓலைதான்.

எங்களுக்கு மிச்சம் இருந்தது சரியாக மூன்று ஞாயிறு. அதற்கடுத்து விபூதிப் புதன் வந்து தவக்காலம் தொடங்கிவிடும். தவக்காலம் முழுக்கக் கல்யாணம் கிடையாது. பாஸ்கு, அதாவது ஈஸ்டர், கழிந்து வைத்துக்கொள்ளலாம் என்றால் அதற்குள் அவனுக்கு லீவு முடிந்துவிடும். அவன் கப்பலில் எலெக்ட்ரிக்கல் ஆபீசர். நான் துறைமுகத்துப் பக்கம் ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலை பார்க்கிறேன். ஏதோ பேப்பர் சரியில்லை என்று சண்டை போட வந்தவன், சண்டை முடியாமலே தொடர்ந்து வந்துகொண்டிருந்தான். அவன் இந்தத் தடவை கப்பலேறினால் திரும்ப மறுவருஷம்தான். மறுவருஷம் வரை இந்தக் கல்யாணப் பேச்சு தாங்குமா என்பது எனக்குச் சந்தேகம். நாங்கள் கத்தோலிக்கர்; அவன் நாசரேத்துக்காரன், சி.எஸ்.ஐ. ஆயரிடம் அனுமதி வாங்கியாயிற்று. ஆனால் இரண்டு வீட்டிலும் அரைமனசுச் சம்மதம்தான். ஒரு சாக்குக் கிடைக்காதா என்று காத்திருந்த சித்தப்பாக்கள் இரண்டு பக்கமும் உண்டு. அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் உபதேசியாரின் தலை ஆடவில்லை என்றால் அந்தச் சாக்கை நாங்களே தட்டில் வைத்துக் கொடுத்தது மாதிரி.

"ஒண்ணும் பெரிய காரியமில்ல" என்றார் உபதேசியார். "தப்பாச் சொல்லிட்டேன்னு ஒத்துக்கிடும். சரியாத் திருப்பிச் சொல்லும். நான் தலையாட்டிருதேன். நாளைக்கு மொத ஓலை."

அவன் வாயைத் திறந்தான். தப்புதான் ஐயா என்று சொல்லப் போகிறான் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. கப்பலில் கேப்டனிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய்.

"இல்ல" என்றேன் நான்.

"என்னளா இல்ல?" என்றாள் அம்மா.

"அவன் சொன்னது தப்பு இல்ல. அவங்க ஊர்ல அதுதான் ஆறாவது."

அதுதான் உண்மை. வேதாகமத்தில் கற்பனைகளுக்கு ஒன்று, இரண்டு என்று எண் போட்டிருக்கவில்லை. பத்து என்று மட்டும் இருக்கிறது. எங்கே வெட்டி எங்கே ஒட்டுவது என்பதைப் பின்னால் வந்தவர்கள் முடிவு செய்தார்கள். சொரூபம் செய்யாதே, விழுந்து கும்பிடாதே என்பதை நாங்கள் முதலாவதற்குள்ளேயே அடக்கிவிட்டோம். அவர்கள் அதைத் தனியாக எடுத்து இரண்டாவதாக வைத்தார்கள். அதற்கு ஈடாகக் கடைசியில் உள்ள ஆசைப்படாதே என்பதை நாங்கள் இரண்டாகப் பிரித்தோம். அவர்கள் ஒன்றாகவே விட்டுவிட்டார்கள். நடுவில் உள்ளதெல்லாம் ஒரு படி நகர்ந்துபோயிற்று. நாசரேத்தில் ஞாயிறு பள்ளியில் பரிசு வாங்கிய ஒருவன் எங்கள் ஊர் பங்களாவில் வந்து உட்கார்ந்தால் இந்தத் தப்பைத்தான் செய்வான். வேறு எந்தத் தப்பும் செய்ய மாட்டான்.

"அவங்க ஊர்ல ஆயிரம் இருக்கட்டும்" என்றார் உபதேசியார். "இது எந்த ஊரு? இங்கன கேக்கது யாரு? கேக்கவன் கணக்குக்குத்தான் பதில் சொல்லணும்."

"ஏளா, வாய மூடு" என்று அம்மா என் காதுக்குள் சீறினாள். "ஒரு வார்த்தைதான? மாப்பிள்ளையே சொல்லிருவாரு, ஒனக்கு எங்க குத்துது?"

எங்கே குத்தியது என்று சொல்கிறேன்.

புதுநன்மை, அதாவது பூசையில் முதன்முதலாக நற்கருணை அப்பம், வாங்குவதற்கு முன்னால் எல்லாப் பிள்ளைகளையும் போல நானும் மாலை வேளைகளில் கோவில் தாழ்வாரத்தில் மணல் ஒட்டிய காலோடு உட்கார்ந்து மந்திரம் படித்தேன். அப்போதும் இதே உபதேசியார்தான். பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டரும் அவரே. அவர் கேள்வியைச் சொல்வார், நாங்கள் பதிலைக் கத்துவோம். அலைச் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டும் என்பது நிபந்தனை. ஒருநாள் நான் எழுந்து, "சார், இந்தக் கேள்வியெல்லாம் யாரு எழுதுனது?" என்று கேட்டேன். "பதிலப் படி. கேள்வி ஒன் வேலையில்ல" என்றார். அதோடு மற்ற பிள்ளைகள் வீட்டுக்குப் போகும்வரை நிற்கவும் வைத்தார். கால் வலித்ததைவிட, அவர் பதில் சொல்லவில்லையே என்பதுதான் ரொம்பநாள் உறுத்தியது.

காலேஜில் இலக்கியம் படிக்கப் போனபோது அந்தக் கேள்வியையும் எடுத்துக்கொண்டு போனேன். ஞானோபதேசம் என்று நம் ஆட்கள் தமிழாக்கிய சொல்லுக்கு மூலம் கிரேக்கத்தில் இருக்கிறது. கீழ்நோக்கி ஒலிப்பது என்று அதற்கு அர்த்தம். மேலே இருந்து ஒருவர் சொல்வார், கீழே இருப்பவர் காதில் அது போய் ஒலிக்கும். எக்கோ என்கிறோமே, அதுவும் அதே குடும்பத்துச் சொல்தான். ஆதித் திருச்சபையில் ஞானஸ்நானத்துக்குக் காத்திருப்பவர்களுக்குக் 'கேட்பவர்கள்' என்றே பெயர். காதுகொடுத்துக் கேட்பவர்கள். அப்போது கேள்வி-பதில் புத்தகம் எதுவும் இல்லை. சபை இரண்டாக உடைந்து, நீ யார் பக்கம் என்று ஒவ்வொருவனையும் நிறுத்திக் கேட்க வேண்டிய காலம் வந்த பிறகுதான் இரண்டு பக்கத்தாரும் போட்டி போட்டுக்கொண்டு கேள்வியும் பதிலுமாக அச்சடித்துத் தள்ளினார்கள். அந்தச் சண்டைக்குப் பிறகுதான் இந்தச் சொல் கேள்வி-பதில் புத்தகத்துக்கே பெயராக ஒட்டிக்கொண்டது.

அந்தச் சண்டையின் அலை எங்கள் கரைக்குத்தான் முதலில் வந்தது. முத்துக்குளித்துக்கொண்டிருந்த எங்கள் ஆட்களுக்கு மந்திரம் சொல்லிக்கொடுக்க வந்த வெளிநாட்டுச் சாமியார் தெருவில் மணியடித்துக்கொண்டே போய்ப் பிள்ளைகளைக் கூட்டுவாராம். அவருக்குத் தமிழ் தெரியாது. யாரோ மொழிபெயர்த்துக் கொடுத்ததை மனப்பாடம் செய்துகொண்டு சொன்னார். 'விசுவசிக்கிறேன்' என்று வர வேண்டிய இடத்தில் 'எனக்கு வேணும்' என்று இருந்திருக்கிறது. பின்னால் கண்டுபிடித்துத் திருத்தினார். ஆக, கொஞ்சகாலம் எங்கள் முன்னோர் கடற்கரையில் நின்றுகொண்டு சாமியைப் பார்த்து எனக்கு வேணும், எனக்கு வேணும் என்று கத்தியிருக்கிறார்கள். படித்த அன்றைக்கு எனக்கு அவர்கள்மேல் அப்படி ஒரு பாசம் வந்தது. தமிழ் எழுத்தில் முதன்முதலாக அச்சேறியதும் இந்த மந்திரப் புத்தகங்கள்தாம். தமிழ் அச்சு பேசிய முதல் பேச்சே பாடம் ஒப்பித்ததுதான் என்று நினைத்தால் சிரிப்பும் வருகிறது, ரோஷமும் வருகிறது.

காயல்பட்டினத்து முஸ்லிம் பெண் ஒருத்தி எனக்குக் காலேஜ் தோழி. அவளிடம் இதைச் சொன்னேன். "ஒனக்காவது உசிரோட இருக்கும்போது கேக்காங்க" என்றாள். "எங்கள்ல கபுருக்குள்ள வச்சப்புறம் மலக்குமார் வந்து ஒன் இறைவன் யாருன்னு கேப்பாங்க. மய்யித்து பதில் தெரியாம முழிச்சிரக் கூடாதுன்னு மேல நின்னு பதிலச் சொல்லிக்குடுப்பாங்க. அதுக்குத் தல்கீன்னு பேரு." கபுர் என்றால் கல்லறை, மலக்குமார் தேவதூதர்கள், மய்யித்து இறந்தவர் உடல். இரண்டு பேரும் பஸ் ஸ்டாப்பில் நின்று அப்படிச் சிரித்தோம். எல்லா ஊரிலும் பதிலைக் காதில்தான் ஓதுகிறார்கள்.

ஆனால் என் வயிற்றில் பால் வார்த்தது வேறொன்று. பழைய ஞானோபதேசப் புத்தகங்களில் எல்லாமே ஒரே மாதிரி இல்லை. சிலவற்றில் கேட்பவர் ஆசான், சொல்பவன் சீடன். சிலவற்றில் நேர் தலைகீழ்: கேட்பவன் சீடன், பதில் சொல்ல வேண்டியவர் ஆசான். அதிலும் சின்னப் பிள்ளைகளுக்கான சின்னப் புத்தகத்தில் ஆசான் கேட்கிறார். வளர்ந்தவர்களுக்கான பெரிய புத்தகத்தில் சீடன் கேட்கிறான். எனக்குச் சிறகு முளைத்துவிட்டது. ஊருக்கு வந்து, ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வியில் புதுநன்மைப் பிள்ளைகளுக்கு நானே வகுப்பு எடுக்கிறேன் என்று கேட்டு வாங்கினேன். ஒரு காலி பிஸ்கட் டப்பாவின் மூடியில் ஓட்டை போட்டு வகுப்பில் வைத்தேன். வேண்டிய கேள்வியை எழுதி உள்ளே போடலாம். மீனுக்கு ஆத்துமா உண்டா என்பதில் தொடங்கி, சுனாமி வந்த அன்றைக்குச் சாமி எங்கே போயிருந்தார் என்பது வரைக்கும் விழுந்தது. தெரிந்ததற்குப் பதில் சொன்னேன். தெரியாததற்குத் தெரியாது என்றேன். உபதேசியார் டப்பாவைப் பார்க்கும்போதெல்லாம் எலியைப் பார்த்த மாதிரி முகத்தைச் சுளிப்பார். எடுக்கச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இப்போது அதே மனிதர், தன் ஊர்ப் பாடத்தை ஒரு பிழையும் இல்லாமல் ஒப்பித்தவனைப் பார்த்து, தப்பு என்று ஒத்துக்கொள் என்கிறார். எண்ணை மாற்றிச் சொல்லச் சொல்லியிருந்தால் நானே மாற்றிச் சொல்லடா என்றிருப்பேன். ஆனால் தப்பு என்று சொல்ல வேண்டுமாம். முதல் ஓலைக்கே அவன் அப்பா அம்மா சொல்லிக்கொடுத்ததைத் தப்பு என்று சொல்லிவிட்டு என் வீட்டுக்குள் வந்தால், பிறகு காலத்துக்கும் எங்கள் வீட்டில் கேட்கிறவள் நான், ஒப்பிக்கிறவன் அவன். எனக்கு அப்படி ஒரு புருஷன் வேண்டாம்.

இதையெல்லாம் நான் பங்களாவில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அம்மா செருப்பைக் கழற்றியிருப்பாள். நான் சொன்னது இவ்வளவுதான்: "சார், நான் ஒரு கேள்வி கேக்கலாமா?"

"கேக்கது நான்" என்றார் உபதேசியார்.

"ஒண்ணே ஒண்ணு சார். பத்துக் கற்பனையும் ஒங்களுக்கு முழுசா வருமா?"

அம்மா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். உபதேசியாரின் காது மடல் சிவந்தது.

"ஏளா, ஒங்கம்மைக்கே மந்திரம் சொல்லிக்குடுத்தவன் நான். எனக்கு வருமான்னு கேக்கியா?"

"அப்பம் அவனும் சொல்லட்டும், நீங்களும் சொல்லுங்க. நான் விரல நீட்டுதேன். விரலுக்கு ஒண்ணு. யாருக்கு மிச்சம் வருது, யாருக்குக் கொறையுதுன்னு பாப்போம்."

அவர் மறுத்திருக்கலாம். ஆனால் ஒப்பிப்பதில் அவரைச் சவாலுக்கு இழுத்தால் அவரால் விட முடியாது. பாஸ்கு நாடகத்தில் ஒரு வசனம் பிசகினாலும் கூட்டத்திலிருந்து எழுந்து திருத்துகிற ஆள். கண்ணாடியை எடுத்து மாட்டினார். "ம். நீட்டு."

முதல் விரல். இரண்டு பேரும் ஒன்றாகத்தான் கிளம்பினார்கள். அவர் சர்வேசுரன் என்றார், இவன் கர்த்தர் என்றான். இரண்டாவது விரலில் பாதை பிரிந்தது. அவர் திருநாமத்தை வீணாகச் சொல்லாதிருப்பாயாக என்று ஒரே மூச்சில் முடித்துவிட்டு நின்றார். இவன் சொரூபம், விக்கிரகம், மேலே வானத்திலும் கீழே பூமியிலும் என்று நீட்டிக்கொண்டே போனான். அவனுக்கு நேர் எதிரே கண்ணாடிப் பெட்டிக்குள் மாதா சொரூபம். அம்மா எழுந்து போய்ப் பெட்டிக்கும் அவனுக்கும் நடுவில் நின்றுகொண்டாள், மாதா காதில் விழாமல் இருக்க.

"அது எங்களுக்கு மொதலாவதுக்குள்ளயே அடங்கிரும்" என்றார் உபதேசியார் பொறுக்க முடியாமல்.

"எங்களுக்கு அடங்காதுங்க ஐயா" என்றான் அவன், மரியாதையாக.

மூன்று, நான்கு, ஐந்து. அவர் ஒரு கற்பனை முன்னால், இவன் ஒரு கற்பனை பின்னால். ஆறாவது விரலில் அவர் மோகபாவம் என்று உரக்கச் சொன்னார், எனக்குக் கேட்கட்டும் என்று. இவன் கொலை என்றான். ஏழில் அவர் களவுக்குப் போனபோது இவன் அவர் விட்டுவந்த இடத்தில் விபசாரம் என்று கால் வைத்தான். ஒன்பதில் அவர் பிறர் தாரத்துக்கு வந்துவிட்டார். இவன் இன்னும் பொய்ச்சாட்சியில் நின்றான். பத்தாவது விரலை நீட்டினேன். அவர் பிறர் உடைமை என்று முடித்தார். இவன் பிறனுடைய வீடு, மனைவி, வேலைக்காரன், எருது, கழுதை என்று ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் அந்த ஒரே விரலில் ஏற்றி முடித்தான்.

பத்து விரலும் விரிந்திருந்தது. யாரிடமும் மிச்சம் இல்லை. யாருக்கும் குறையவும் இல்லை.

வெளியே ஒரு ஃபைபர் வள்ளம் இன்ஜின் போட்டுக்கொண்டு கிளம்பிப் போகிற சத்தம். உபதேசியார் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு இது தெரியாமல் இருந்திருக்குமா? தெரிந்துதான் இருக்க வேண்டும். இத்தனை வருஷத்தில் ஒரு சி.எஸ்.ஐ. மாப்பிள்ளைகூடவா வந்திருக்க மாட்டான்? வந்தவன் எல்லாம் தப்பு என்று ஒத்துக்கொண்டு போயிருப்பான்.

"சரி தம்பி" என்றார் கடைசியில், என்னை விட்டுவிட்டு அவனிடம். "இப்பம் சொல்லும். நீரு மொதல்ல சொன்னது தப்பா, சரியா?"

நான் வாயை இறுக்கிக்கொண்டேன். இது அவனுடைய பதில். இந்த இடத்தில் நான் புகுந்தால் நானும் ஒரு உபதேசியார்தான். அவன் தப்பு என்று சொல்லிவிட்டால் ஓலை உண்டு. எனக்குள் ஏதோ ஒன்று போய்விடும். இல்லை என்றால் ஓலை போய்விடும்.

"தப்பு இல்லங்க ஐயா" என்றான் அவன். "எங்க கணக்குல அது சரி. உங்க கணக்கும் இப்பம் தெரிஞ்சுபோச்சு, ஆறாவது மோகபாவம். ரெண்டையும் செய்ய மாட்டேன். அதையும் செய்ய மாட்டேன், கொலையும் செய்ய மாட்டேன்."

அம்மா மாதாவுக்கு முன்னால் நின்றுகொண்டே குலுங்கிக் குலுங்கிச் சிரித்துவிட்டாள். உபதேசியார் சிரிக்கவில்லை. எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார்.

"சாமியார்ட்ட ஓலை வாசிக்கச் சொல்லுதேன். மாப்பிள்ளைக்குக் கற்பனை தெரியுது. ஒனக்குத்தான் ஒண்ணு தெரியல."

"எது சார்?"

"நாலாவது."

நாலாவது, தாய் தகப்பனைச் சங்கை செய்வது, அதாவது மதித்து நடப்பது. மூத்தவர்களுக்கு அடங்கி நடப்பதும் அதற்குள் வரும் என்று அவர்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்.

"எங்களுக்கு அது அஞ்சாவது" என்று அவன் வாய்க்குள் முனகினான். நான் அவன் காலை மிதித்தேன்.

"இன்னொண்ணு" என்றார் உபதேசியார் வாசற்படியில் நின்று. "இனிமே புதுநன்மை வகுப்புக்கு நீ வர வேண்டாம். நான் பாத்துக்கிடுதேன்."

அது வலித்தது. பாஸ்கு கழிந்து புதுநன்மை வாங்கப் போகிற பிள்ளைகள் அவர்கள். ஒவ்வொரு முகத்தையும் எனக்குத் தெரியும். கெஞ்சினால் ஒருவேளை விட்டிருப்பார். "சரி சார்" என்றேன். "டப்பா என்னுது. எடுத்துக்கிடுதேன்." போகிற வழியில் வகுப்பறையைத் திறந்து டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் வீட்டுக்கு நடந்தேன். உள்ளே நாலைந்து சீட்டு கிடந்து சலசலத்தது. பிள்ளைகளுக்கு எங்கள் வீடு தெரியும்.

மறுநாள் பூசைக்கு அவனும் வந்தான். ஆண்கள் பக்கம் கடைசி வரிசையில் நின்று, எப்போது முழங்காலில் நிற்பது எப்போது எழுந்திருப்பது என்று தெரியாமல் முன்னால் இருந்தவரைப் பார்த்துப் பார்த்துச் செய்துகொண்டிருந்தான். நன்மை கொடுத்து முடிந்து அறிவிப்புகள் தொடங்கின. அன்பியக் கூட்டம், கல்லறைத் தோட்டம் சுத்தம் செய்வது, கொடிமரத்துப் பக்கம் வலை காயப்போடக் கூடாது. பிறகு ஓலை. முதலில் வேறொரு ஜோடி. சாமியார் தாளை மடித்தார். முடிந்தது போல என்று நினைத்தேன். அடியிலிருந்து இன்னொரு தாளை உருவினார்.

எங்கள் ஓலை. நாசரேத்து என்ற சொல் மைக்கில் வந்ததும் பெண்கள் பக்கம் ஒரு சலசலப்பு ஓடியது. இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று சாமியார் ஊரைக் கேட்டார். சின்ன வயதிலிருந்து எத்தனையோ முறை காதில் விழுந்த கேள்விதான். அன்றைக்குத்தான் அதை முழுசாகக் கேட்டேன். நான் யாரையும் பார்க்கவில்லை, தலையையும் குனியவில்லை. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சாமியார் தாளை மடித்துவிட்டு ஆசீர்வாதத்துக்கு எழுந்தார்.

அதற்குள் யாரோ பின்னாலிருந்து என் முதுகில் விரலால் குத்தினார்கள். பக்கத்துத் தெருச் சித்தி. பங்களாவில் நடந்தது ராத்திரியோடு ஊர் முழுக்கப் பரவியிருந்தது.

"ஏளா" என்றாள் சித்தி, சிரிப்பை அடக்கிக்கொண்டு. "ஆறாவது கற்பனை என்னளா?"

"திரும்பாத" என்று அம்மா பல்லைக் கடித்தாள்.

நான் திரும்பினேன்.

"யார் கணக்குக்கு வேணும் சித்தி?"